எலுமிச்சைத் தோலில் விழுந்த பழுப்புத் திட்டுகள்

பறித்து வைத்த எலுமிச்சையில் பழுப்புத் திட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. காரணம் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள்தான். பனி ஈரத்தோடு அதிகாலையில் பறித்தால் பழம் நீர் ஏறி விறைப்பாக இருக்கும். லேசாக அழுத்தினாலே பை உடைந்து, கசியும் எண்ணெய் சுற்றியுள்ள தோலைச் சுட்டுவிடும். அதனால் இப்போது ஈரம் காய்ந்த பிறகே, பிடித்து இழுக்காமல், கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுகிறேன். காம்பு நீண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். நிழலில் ஒரு நாள் பரப்பி வைத்து, அப்புறம்தான் அடுக்குகிறேன்.

குளிரும் தோலைக் கெடுக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெகுநாள் வைத்தால் எலுமிச்சைத் தோலில் குழி விழும். ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் குளிரைத் தாங்கும். நான் 12 டிகிரி அளவில், ஈரப்பதம் குறையாமல் வைக்கிறேன். திட்டுகள் பெரும்பாலும் நின்றுவிட்டன.