குழந்தைக்கு முதல் கடலை

ஆறு மாசம் முடிந்து இட்லியும் கேப்பைக் கூழும் நன்றாக இறங்குகிறதா, நிலக்கடலையையும் ஆரம்பித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். 2015-ல் வெளியான லீப் (LEAP) என்ற மருத்துவ ஆய்வில், சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. ஆனால் குழந்தையின் தோலில் கரப்பான் (எக்ஸிமா) கடுமையாக இருந்தாலோ முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாவிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மையாக அரைத்து, கால் ஸ்பூனை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் காலையில் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த இரண்டு மணி நேரம் கூடவே இருந்து பார்க்க முடியும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108.

ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு தடவை தொடருங்கள். அப்புறம் வேகவைத்த முட்டை, எள், முந்திரி, ஒவ்வொன்றாக. சித்திரைத் திருவிழாவில் அப்பத்தா ஆசையாக நீட்டினாலும் முழுக் கடலை ஐந்து வயசு வரை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.