தபாலில் வந்த சுருட்டை அன்றைக்கே பற்றவைக்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், சிகாகோவில் வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி குளிர். பகல் முழுவதும் வாசற்படியில் கிடந்த சுருட்டுப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த அரை மணி நேரத்தில் ஒன்றைப் பற்றவைத்தேன். நான்கைந்து இழுப்புக்குள் மேலே சுற்றியிருந்த இலை நுனியிலிருந்து நடுப்பகுதிவரை பிளந்துவிட்டது. சரக்கு மட்டம் என்று கடைக்காரருக்குக் கோபமாக எழுதினேன். ஐந்து வாரம் கழித்து அதே பெட்டியிலிருந்து எடுத்த சுருட்டு கடைசிவரை ஒரே சீராக எரிந்தது. சரக்கில் குறையில்லை, என் அவசரமே காரணம் என்று அன்று புரிந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு மீண்டும் எழுதினேன்.

புகைப்பது உடலுக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரையும் பழகச் சொல்லி இதை எழுதவில்லை. எப்போதாவது ஒரு நல்ல சுருட்டை வரவழைத்து, பிறகு பாழாக்கிவிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டி வந்த வழியைப் பாருங்கள். நிகராகுவாவின் எஸ்தெலியிலோ டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோவிலோ கையால் சுற்றப்பட்ட சுருட்டு அது. அமெரிக்காவில் தபால் வழியே விற்கும் பெரிய கடைகள் பல பென்சில்வேனியாவில் இருக்கின்றன. அந்த மாநிலம் சுருட்டுக்குத் தனிப் புகையிலை வரி விதிப்பதில்லை. அங்கே ஈரப்பதம் காக்கும் கிடங்கில் இருந்தது, பிறகு சில நாள் லாரியில் கிடக்கிறது. கோடையில் லாரிக்குள் அடுப்புச் சூடு, குளிர்காலத்தில் எலும்பை உறையவைக்கும் குளிரும் வறட்சியும். முதலில் காய்வது மேலிலை. உள்ளே இருக்கும் இலை இன்னும் ஈரமாகவே இருக்கும். இந்த வேறுபாடு தீராத நிலையில் தீ வைத்தால், உள்ளிலை சூட்டில் உப்பும். காய்ந்த மேலிலை இடம் கொடுக்காமல் வெடிக்கும். ஆகவே ஈரப்பதம் காக்கும் டப்பாவுக்குள் ஓரிரு வாரமாவது ஆறவிட வேண்டும். கடும் குளிரிலோ வெயிலிலோ வந்த பெட்டிக்கு நான் நான்கு வாரம் கொடுக்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு, காய்ந்துபோன சுருட்டுக்கு ஒரே நாளில் ஈரம் ஏற்ற முயல்வது. பெட்டிக்குள் ஆப்பிள் துண்டு வைப்பார்கள், நனைத்த பஞ்சு வைப்பார்கள். பழத்துண்டு பூஞ்சணத்துக்கு விருந்து. பஞ்சு பக்கத்தில் இருக்கும் இரண்டு சுருட்டை ஊறவைத்துவிட்டு மற்றவற்றைக் காயவிடும். மெதுவாக ஏற்றுவதுதான் வழி. போவேடா போன்ற நிறுவனங்கள் விற்கும் இருவழி ஈரப்பதப் பைகளில் உப்புக் கரைசல் இருக்கிறது. காற்று காய்ந்தால் அது ஈரம் விடும், மிஞ்சினால் உறிஞ்சிக்கொள்ளும். பையில் குறித்திருக்கும் எண், அது காக்கும் ஈரப்பதத்தின் சதவீதம். மிகவும் காய்ந்த சுருட்டை முதலில் 62 சதவீதப் பையோடு இரண்டு வாரம் வைத்து, பிறகு 65-க்கு மாற்றுங்கள். ஆவியாகிப்போன எண்ணெய் மணம் முழுவதும் திரும்பாது. ஆனாலும் இலை வெடிக்காமல் எரியும்.

சுருட்டைச் சேமிக்கவென்றே விற்கும் மரப்பெட்டியை வாங்கிய அன்றே அதில் சுருட்டை அடுக்குவதும் அதே அவசரத்தின் இன்னொரு முகம். அந்தப் பெட்டிகளுக்கு உள்ளே பதிப்பது ஸ்பானிய சீடார் எனப்படும் மரம். பெயரைப் பார்த்து ஊசியிலை மரம் என்று நினைக்க வேண்டாம். நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. புது மரம் காய்ந்திருக்கும். தனக்கு வேண்டிய ஈரத்தை உங்கள் சுருட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்தால் பலகை வளைந்துபோகலாம். 84 சதவீதப் பையை உள்ளே வைத்து, இரண்டு வாரம் மூடிவைத்துப் பழக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பத்து இருபது சுருட்டு வைத்திருப்பவருக்கு மரப்பெட்டியே தேவையில்லை. மசாலா வாசனை ஏறாத, காற்றுப் புகாத புதுப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஈரப்பதப் பை போதும். நூறு டாலர் பெட்டியைவிட நன்றாகவே காக்கும்.

பெட்டியோடு வரும் முள் வைத்த ஈரப்பதமானியை நம்ப வேண்டாம். டிஜிட்டல் மானியையும் சோதித்துப் பாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடும் பைக்குள் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

வழக்கமான குளிர்சாதனப் பெட்டியில் சேமிக்காதீர்கள். காற்று காயும், மீன் வாசனை இலையில் ஏறும்.

ஆனால் உறைபெட்டிக்கு ஒரு வேலை உண்டு. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடக்கூடும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டும்போது பொரிக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே சேமிக்கும் இடம் 18 முதல் 21 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சுருட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியைக் காற்றில்லாமல் பையில் கட்டி, மைனஸ் 18-இல் மூன்று நான்கு நாள் வையுங்கள். வெளியே எடுக்கும்போது நேரே அறைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டி, பிறகு ஒரு நாள் அறை. அதுவரை பையைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் இலைமேல் வேர்த்துவிடும்.

மேலிலையில் வெண்படலம் கண்டால், பழுத்த சுருட்டின் அடையாளம் என்று சிலர் மகிழ்வார்கள். அப்படிக் காணப்படுவது பெரும்பாலும் பூஞ்சணம்தான். பஞ்சு போல் புடைத்து, நீலமோ பச்சையோ கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தீ வைக்கும் முனையின் வெட்டிலும் அது தெரிந்தால் உள்ளேயும் பரவியிருக்கும், எறிந்துவிடுங்கள். 70-க்கு மேல் ஈரம் வைப்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. அந்த ஈரத்தில் இழுப்பும் அடைத்துக்கொள்ளும், தீயும் அடிக்கடி அணையும். நான் 65-இலேயே வைக்கிறேன்.

சில சுருட்டு எத்தனை வாரம் கிடந்தாலும் மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி விடும். அதற்குப் பயணம் காரணமல்ல. இலை முழுதாகப் பதப்படாமலே சுற்றப்பட்டிருக்கிறது. அதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும்.

பெட்டி வந்ததும் வெளி அட்டையில் தேதியை எழுதுங்கள். செலஃபேன் உறையைக் கழற்ற வேண்டியதில்லை. ஈரம் அதன் வழியே போய்வரும். அலுமினியக் குழாயில் வந்தால் மட்டும் மூடியைத் திறந்துவிடுங்கள். இரண்டாவது வாரம் ஒன்றை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் மூடிவைத்து, இன்னும் இரண்டு வாரம் கழித்துத் திறங்கள்.