டிவி நிபுணர் சொல்லும் ஸ்கோரை வைத்துப் பந்தயம் கட்டுவது எப்படி

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரிமியர் லீக்கில் வாராவாரம் யாராவது ஒரு முன்னாள் வீரர் எல்லா ஆட்டத்துக்கும் ஸ்கோர் சொல்லிவிடுகிறார். பிபிசியில் பல வருடம் மார்க் லாரன்சன் சொன்னார், 2022லிருந்து கிறிஸ் சட்டன், ஸ்கை ஸ்போர்ட்ஸ் பக்கம் பால் மெர்சனும் சொல்லியிருக்கிறார். இவர்கள் பேச்சில் பந்தயத்துக்கு உதவும் விஷயம் இருக்கிறது, ஆனால் அது அந்த ஸ்கோரில் இல்லை.

அவர்கள் ஆடும் ஆட்டம் வேறு, நீங்கள் ஆடுவது வேறு. பிபிசியின் கணிப்புப் போட்டியில் முடிவைச் சரியாகச் சொன்னால் 10 புள்ளி, ஸ்கோரையே சரியாகச் சொன்னால் 40. மான்செஸ்டர் சிட்டி சொந்த மைதானத்தில் கடைசி இடத்து அணியை அடிக்கும் என்று சொன்னாலும் அதே 10தான், யாருமே நினைக்காத அணி ஜெயிக்கும் என்று சொல்லிப் பலித்தாலும் அதே 10தான். பந்தயத்தில் எல்லாமே விலைதான், அதாவது ஜெயித்தால் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பி வரும் என்பது: 1.50 என்றால் 10 பவுண்டுக்கு 15. நிபுணர் சொன்ன 100 ஆட்டத்தில் 50 பலித்தது என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 100 ஆட்டத்திலும் அவர் சொன்னது 1.50 விலையில் இருந்த பலமான அணி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தலா 10 பவுண்ட் என்றால் 1,000 பவுண்ட் போட்டு 750தான் திரும்பி வரும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆட்டம், நிபுணர் சொன்ன முடிவு, அந்த நேரத்தில் புக்கி (பந்தயம் வாங்கும் ஆள் அல்லது நிறுவனம்) கொடுத்த விலை, கடைசியில் நடந்தது, இந்த நான்கும் போதும். பணம் போட வேண்டாம், போட்டதாகக் கணக்கு மட்டும் எழுதுங்கள். விலையைச் சதவீதமாக்க 100ஐ அதால் வகுத்தால் போதும்: சொந்த மைதான அணி 2.10 என்றால் 47.6, டிரா 3.40 என்றால் 29.4, எதிரணி 3.60 என்றால் 27.8. கூட்டினால் 104.8 வருகிறது பாருங்கள், 100க்கு மேல் இருப்பதுதான் புக்கியின் லாபம். அப்படியானால் 2.10 விலையில் நிபுணர் சொல்வது 100க்கு 48 தடவையாவது பலிக்க வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டம்தான். நோட்டில் ஒரு மாதக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதிர்ஷ்டம் அதற்குள் நன்றாகவே ஒளிந்துகொள்ளும், குறைந்தது ஒரு சீசனாவது ஓடட்டும்.

டிராவைத் தனியாக எண்ணுங்கள். லீக்கில் ஏறக்குறைய நாலில் ஓர் ஆட்டம் டிராவில் முடிகிறது; உங்கள் நிபுணர் பத்தில் எத்தனை டிரா சொல்கிறார்? அவர் ஆடிய பழைய கிளப்பின் ஆட்டங்களையும் தனியாக எழுதுங்கள், பாசம் கண்ணை மறைக்கும். பெரிய பெயர் என்பதற்காக மட்டும் நம்பவும் வேண்டாம்: 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் தோற்றபோது, சின்னப் பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று பிபிசியில் சொன்னவர் ஆலன் ஹேன்சன். லிவர்பூலுக்காக லீக் பட்டங்களே வாங்கியவர் அவர். அந்த சீசனில் யுனைடெட் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் எடுத்தது.

சரி, அப்புறம் எதைக் கேட்பது? காரணத்தை. "இவர்களின் இடது பின்காப்பாளர் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வர நேரமாகிறது, அந்தப் பக்கம் எதிரணிக்கு வேகமான விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) இருக்கிறார்" என்று ஒருவர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது களத்தில் நின்றவனின் கண். "இந்த அணிக்கு ஜெயிக்கும் வெறி அதிகம்" என்பதை விட்டுவிடலாம். காரணம் நன்றாக இருந்தாலும் விலை ஏற்கெனவே இறங்கியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், நீங்கள் கேட்டதைப் புக்கியும் கேட்டுவிட்டார். கணிப்புகள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வந்துவிடும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அணிப் பட்டியலைப் பாருங்கள், அந்த விங்கர் பெஞ்சில் இருந்தால் நிபுணர் சொன்ன காரணமே போய்விட்டது.

நிபுணரின் நாலு கணிப்பைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டவே கட்டாதீர்கள். மேலே பார்த்த 104.8 சதவீதம் நாலு ஆட்டத்துக்கும் ஒன்றோடொன்று பெருகி 120ஐத் தாண்டிவிடும். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்து, சீசன் முடிவில் நோட்டில் லாபம் நின்றால் மட்டும் சின்னத் தொகையில் தொடங்குங்கள், எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே தொகை. நோட்டில் நஷ்டம் நின்றால் அடுத்த சீசனும் நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.