புல்தரைக்குப் பொட்டாஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையோடு தரையாக வெட்டிய அருகம்புல்லில், அது பிழைக்கட்டும் என்று ஓர் இளைஞர் பொட்டாசியம் தரும் உரமான பொட்டாஷை அள்ளி வீசிக்கொண்டிருந்ததைச் சென்ற வாரம் பார்த்தேன். எனக்குப் பழைய கோபம் திரும்பியது. ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். தண்ணீர், களை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

பொட்டாஷை மருந்தாக நினைப்பது

கோவையில் ஒரு திருமண மண்டபத்துப் புல்தரை என் பொறுப்பில் இருந்தது. முகூர்த்தத்துக்குப் பச்சை குறையக்கூடாது என்று யூரியாவை மட்டுமே போட்டேன். புல் மளமளவென்று எழுந்தது, ஒட்ட வெட்டினேன், மறுபடியும் யூரியா. சித்திரை வெயிலில் தரை திட்டுத்திட்டாக வெளுத்தது. பயந்துபோய் ஒரே நாளில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை, அதாவது குளோரைடு உப்பாக வரும் பொட்டாஷை, மிதமிஞ்சிப் போட்டேன். உப்பின் கடுமையில் எஞ்சிய தளிர்களும் கருகின. பாதித் தரையைப் புதிதாக நட வேண்டியதாயிற்று.

'அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துகிறோமே, அந்த உறுதிக்கு மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து பெருங்காரணம். வெட்டுப்பட்டாலும் காய்ந்தாலும் புதுத்தளிர் அதை உண்டுதான் எழுகிறது. அதற்கான சர்க்கரையை உண்டாக்குவது இலையும் வெயிலும். பொட்டாசியம் அந்தச் சர்க்கரையைக் கீழே இறக்கவும், மாவுச்சத்தாக மாற்றும் நொதி இயங்கவும் துணைநிற்கிறது. கிழங்கு பருக்கப் பொட்டாஷ் போடும் சேலத்து மரவள்ளி விவசாயி, இலையைச் சிரைத்துவிட்டுப் போடுவதில்லை. இலையே இல்லாத புல்லில் இறக்குவதற்குச் சர்க்கரை ஏது? யூரியா மிகுந்தாலோ, இருந்த சேமிப்பும் இலை வளர்ச்சியில் கரைந்துபோகும்.

ஆகவே புல் நன்றாக இருக்கும்போதே பொட்டாஷைச் சிறுசிறு பங்காகக் கொடுத்து, உடனே நீர் பாய்ச்சுங்கள். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மண் பரிசோதனையைத் தவிர்ப்பது

தமிழ்நாட்டு மண் ஆய்வில் பொட்டாசியம் ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. 280 கிலோவுக்கு மேலே என்றால் அதிகம். அதிகமுள்ள மண்ணில் மேலும் கொட்டினால், புல் மக்னீசியத்தை எடுப்பதுதான் தடைப்படும். மணல் தரையில் கதை வேறு: பொட்டாசியம் நீரோடு இறங்கிவிடும்.

வெட்டிய புல்லை அள்ளிப்போவது

அதோடு பொட்டாசியமும் போகிறது.

உப்புநீர்க் கிணறு

கிணற்று நீரே உப்பென்றால், குளோரைடு உள்ள மியூரியேட் வேண்டாம். விலை கூடினாலும் சல்பேட் வடிவப் பொட்டாஷான சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள்.

மரநிழல்

வெயிலுக்குப் பொட்டாஷ் ஈடாகாது. கிளையைக் கழியுங்கள்.