அடிமை விடுதலையைக் குடும்பக் கதையாகச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைக்கு விடுதலைக் கதை சொல்ல உட்காரும் பெரியவர்கள் பலர் லிங்கனில் ஆரம்பித்துவிடுகிறார்கள். 1863 ஜனவரி 1 அன்று அவர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார், எல்லோருக்கும் விடுதலை கிடைத்தது, அவ்வளவுதான் கதை! ஆனால் அந்தப் பிரகடனம் உள்நாட்டுப் போரில் நாட்டை விட்டுப் பிரிந்துபோன தென்பகுதிகளுக்கு மட்டுமே. டெக்சாஸின் கால்வெஸ்டனில் வடக்கின் ராணுவம் வந்து விடுதலையை அறிவித்தது 1865 ஜூன் 19இல். பிரிந்துபோகாத கென்டக்கியில் அந்த டிசம்பரில், அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வரும்வரை அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. ஆகவே, முன்னோர் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள், தேதி அப்புறம். அவர்களில் யாராவது தப்பியோடி வடக்குப் படையில் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். அப்படியானால் விடுதலை யாரோ கொடுத்தது என்ற பேச்சே பொருந்தாது.

அடுத்த தவறு, 1870உடன் தேடலை மூட்டை கட்டிவிடுவது. அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக ஏறியது அந்த ஆண்டுக் குடிக்கணக்கில்தான். 1850, 1860 குடிக்கணக்குகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். இருபத்து நான்கு வயதுப் பெண், கறுப்பு. பெயர் கிடையாது. பத்து வயதுப் பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம், விளக்கம் அதிகம் தேவைப்படாது.

அதற்கு அப்பாலும் வழி உண்டு. விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கிய வங்கியின் பதிவேடுகள் பலவற்றில் கணக்கு வைத்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் பழைய எஜமானரின் பெயர்கூட இருக்கிறது. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தம்பியைத் தேடிப் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்களும் உள்ளன. சின்னப் பிள்ளைகளுக்குச் சவுக்கடியை விட இந்தத் தேடலைச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

குடும்பப்பெயர் எஜமானருடையதுதான் என்று முடிவுகட்டாதீர்கள். பலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், சிலர் பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆள் தவறிப்போவார்.

ஏலம் விடுவதுபோல் நடித்துக் காட்டச் சொல்வதும், 'நல்ல எஜமானர்' கதையும் வேண்டவே வேண்டாம்.

சரி, அந்த வங்கி என்ன ஆயிற்று என்று பிள்ளை கேட்கும். 1874இல் மூடிவிட்டார்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பலருடைய காசு போயிற்று. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.