மஞ்சள் காலின் மரபணுவைப் படிப்பது எப்படி? பண்ணைக் கோழியில் தொடங்குவோருக்கான செய்முறை

பண்ணை விலங்கு ஒன்றின் உடற்பண்பையும் அதற்குக் காரணமான மரபணுவையும் சேர்த்துப் படிக்க விரும்புவோர், உடல் எடையிலோ முட்டை எண்ணிக்கையிலோ தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவை பல மரபணுக்களும் தீவனமும் பருவநிலையும் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகள்; முதல் முயற்சியிலேயே அவற்றை எடுத்துக்கொண்டால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கோழியின் கால் மஞ்சளா வெள்ளையா என்ற கேள்வி ஒரே மரபணுவைச் சார்ந்தது, கண்ணால் பார்க்கக்கூடியது, அதன் வரலாறு தென்னிந்தியக் காடுகளோடு தொடர்புடையது.

பிசிஓ2 என்ற மரபணு உருவாக்கும் நொதி, தீவனத்தில் வரும் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகளைச் சிதைக்கிறது. வெள்ளைத் தோல் கோழியின் தோலில் இந்த நொதி வேலை செய்வதால் நிறமி அங்கே தங்குவதில்லை. மஞ்சள் தோல் கோழியிலோ தோலில் மட்டும் இந்த மரபணுவின் செயல்பாடு தணிந்திருக்கிறது. ஈரலில் அது வழக்கம்போல் இயங்குகிறது. மஞ்சள் ஒடுங்கு பண்பு என்பதால், இரு பெற்றோரிடமிருந்தும் மஞ்சள் அல்லீல், அதாவது இந்த மரபணுவின் மஞ்சள் வடிவம், வந்தால்தான் கால் மஞ்சளாகும். வளர்ப்புக் கோழி முழுக்க முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2008இல் வெளியான ஆய்வு, இந்த மஞ்சள் அல்லீல் மட்டும் பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பின் வழியே வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. அந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை; ஆய்வு என்ற பெயரில் யாரும் அதைப் பிடிக்கக் கூடாது.

படி 1: அடையாளமும் பதிவேடும்

குஞ்சு பொரித்த அன்றே இறக்கையில் எண்ணிட்ட உலோகப் பட்டையைப் பொருத்திவிடுங்கள். காலில் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் கால் பருக்கப் பருக்க அது இறுகிச் சதையை வெட்டும், தளர்த்தி மாட்டினால் கழன்று விழும். தாய், தந்தை, பொரித்த நாள் ஆகியவற்றை ஒரு விரிதாளில் கோழிக்கு ஒரு வரி வீதம் எழுதுங்கள். கணக்கீட்டுக்கு எக்செல்லைவிட ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியே மேல். செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும்.

படி 2: நிறத்தைச் சரியாகப் பதிவது

பெரும்பாலோர் தடுமாறும் படி இதுதான். நானும் மிக நீண்ட நேரம் செலவிட்டது இங்கேதான்.

மரபணு மஞ்சளுக்கு இடம் கொடுக்கிறதே தவிர நிறமியைத் தருவதில்லை. நிறமி தீவனத்திலிருந்து வர வேண்டும். இரண்டு மஞ்சள் அல்லீல்களும் உள்ள கோழியை அரிசிக் குருணையும் வெள்ளைச் சோளமும் மட்டும் போட்டு வளர்த்தால், அதன் கால் வெளிறிப்போய், பார்ப்பவர் அதை வெள்ளைத் தோல் என்றே எழுதிவிடுவார். ஆகவே பதிவுக்கு முன் பல வாரங்களுக்கு எல்லாக் கோழிகளுக்கும் ஒரே தீவனத்தைக் கொடுங்கள். அதில் மஞ்சள் மக்காச்சோளம் முதன்மையாக இருக்கட்டும், குதிரைமசாலோ அசோலாவோ சேரட்டும்.

முட்டையிடும் பெட்டையைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டையிடத் தொடங்கியதும் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் அதன் உடல் படிப்படியாக வெளிறுகிறது. முதலில் கழிவுத்துளை ஓரம், பிறகு கண் இமையின் விளிம்பு, பிறகு அலகு, கடைசியாகக் கால் என்பது அதன் வரிசை. முட்டைக்கு வராத விடைக்கோழிகளையும் இளஞ்சேவல்களையும் 8 முதல் 12 வார வயதில் பார்ப்பதே சரி.

நாட்டுக்கோழிகளில் அடுத்த சிக்கல் கருங்கால். காலின் உட்தோலில் மெலனின் என்ற கருநிறமி இருந்தால் மஞ்சளும் வெள்ளையும் தெளிவாகத் தெரியாது. மஞ்சளோடு மெலனின் சேர்ந்தால் கால் பாசிப் பச்சையாகவும், வெள்ளையோடு சேர்ந்தால் சிலேட்டுக்கல் நிறத்திலும் தெரியும். மேகமூட்டமான நாளில் இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கோழியைக் கவனமாக மல்லாத்திப் பிடித்து, ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்து, விரல்களுக்கு அடியில் உள்ள மெத்தை போன்ற பகுதியைப் பாருங்கள். அங்கே மெலனின் குறைவாக இருப்பதால் மஞ்சளோ வெள்ளையோ தெளிவாகத் தெரியும். காலின் முன்புறம் கரிய செதில்கள் மூடியிருக்கும் கோழிகளில்கூட உள்ளங்கால் எலுமிச்சை நிறத்தில் இருப்பதைக் காணலாம். வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில், ஒரே நிற அட்டையை அருகில் வைத்துப் படம் எடுங்கள். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தை நம்ப வேண்டாம்.

படி 3: சோதனைக் கலப்பு

வெள்ளைக் கால் சேவல் ஒன்றிடம் மஞ்சள் அல்லீல் மறைந்திருக்கிறதா என்று அறிய, அதை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்க்க வேண்டும். ஒயிட் லெக்ஹார்ன் பெட்டை இதற்கு ஏற்றது, ஏனெனில் அந்த இனத்தின் மஞ்சள் கால் நிலைபெற்ற பண்பு. சேவலிடம் மஞ்சள் அல்லீல் ஒன்று இருந்தால் குஞ்சுகளில் பாதி மஞ்சளாக வரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி இருந்தும் 5 குஞ்சுகளும் வெள்ளையாகவே வர 32இல் ஒரு வாய்ப்பு உண்டு, 7 குஞ்சுகள் என்றால் 128இல் ஒன்று. எனவே மூன்று நான்கு குஞ்சுகளைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

ஒரு வெள்ளை அல்லீலும் ஒரு மஞ்சள் அல்லீலும் உள்ள இரண்டு பெற்றோரைச் சேர்த்தால் எதிர்பார்ப்பு மூன்று வெள்ளைக்கு ஒரு மஞ்சள், அதாவது 3:1. எடுத்துக்காட்டாக, 40 குஞ்சுகளில் 26 வெள்ளையும் 14 மஞ்சளும் வந்தால், எதிர்பார்த்த 30, 10 ஆகியவற்றிலிருந்து விலகல் 4. இந்த விலகல் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்க உதவும் கை வர்க்க (chi-square) மதிப்பு 16/30 + 16/10, அதாவது ஏறத்தாழ 2.13. இது 5 விழுக்காட்டு அளவுக்கான எல்லையான 3.84ஐவிடக் குறைவு என்பதால், இந்த எண்கள் 3:1 விகிதத்துக்கு முரணானவை அல்ல.

படி 4: இரத்தமும் டிஎன்ஏவும்

பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால் ஒரு துளி இரத்தமே தாராளம். இறக்கையின் இரத்த நாளத்திலிருந்து எடுத்து 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள், அல்லது இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் சேமியுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். இரத்தம் அதிகமானால் டிஎன்ஏ பசைபோல் திரண்டு குழாயில் ஒட்டிக்கொள்ளும். கல்லூரி வழியே செய்வோர் முதலில் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஊசியைக் கால்நடை மருத்துவர் கையாள்வதே நல்லது.

படி 5: பிசிஆர்

நேரடியாக பிசிஓ2க்குப் போகாமல், முதலில் இசட், டபிள்யூ என்ற பாலினக் குரோமோசோம்கள் இரண்டிலும் உள்ள சிஎச்டி1 மரபணுவை வைத்துப் பாலினச் சோதனை செய்து பழகுங்கள். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள் இருப்பதால் ஒரு பட்டையும், பெட்டைக்கு இசட், டபிள்யூ இரண்டும் இருப்பதால் இரண்டு பட்டைகளும் ஜெல்லில் தெரியும். விடை கண்முன் நிற்கும் கோழியிலேயே இருப்பதால், உங்கள் டிஎன்ஏவும் கைப்பழக்கமும் நம்பத்தக்கவையா என்பது உடனே தெரிந்துவிடும்.

அதன்பின் பிசிஓ2 பகுதியைப் பெருக்கி, வரிசைப்படுத்தும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். புரதத்தின் அமினோ அமிலம் எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவது பயன் தராது, ஏனெனில் இங்கே மாற்றம் மரபணுவை இயக்கும் ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கிறது. ஆகவே மஞ்சள் அல்லீலோடு சேர்ந்தே வந்து அதற்கு அடையாளமாக நிற்கும் டிஎன்ஏ எழுத்து மாற்றங்களைப் பார்த்து, படி 2இன் பதிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தாத கோழிகளை நீக்கிவிடாமல், அவற்றின் உள்ளங்காலை மீண்டும் பாருங்கள்.

பின்சேர்க்கை: கடல் விலங்குகளுக்கு

இதே முறை இறாலுக்கும் பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஓரளவு பொருந்தும். இறாலும் தன் நிறத்துக்கான கரோட்டினாய்டைத் தீவனத்திலிருந்தே பெற வேண்டும் என்பதால் படி 2 அங்கே இன்னும் முக்கியம். அதோடு தொட்டியின் தரை கருமையாக இருந்தால் இறாலும் கருமையாகும் என்பதால், எல்லாக் குடும்பங்களையும் ஒரே நிறத் தொட்டியில் வளர்க்க வேண்டும். இறால் ஓடு கழற்றுவதால் ஓட்டின் மேல் இடும் குறி நிலைக்காது; வாலருகே தசைக்குள் நிற எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற பொருளைச் செலுத்துவதே வழக்கம். டிஎன்ஏவுக்கு ஒரு நீச்சல் காலின் நுனியை வெட்டி எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

மீன் வளர்ப்போர் பார்க்க வேண்டியது சினூக் சால்மன். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் அந்த மீனின் சதை சிலவற்றில் சிவப்பாகவும் சிலவற்றில் வெள்ளையாகவும் இருக்கிறது. அந்த வேறுபாடு பிசிஓ2 வகையைச் சேர்ந்த ஒரு மரபணுவின் செயல்பாட்டு அளவோடு இணைந்தது என்று 2019இல் காட்டப்பட்டது. கோழியின் காலில் பார்த்த அதே வகை நொதி, அங்கே தசையில் நிறமி தங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே சால்மனில் பதிவு செய்ய வேண்டியது தோலின் நிறத்தை அல்ல, வெட்டிய சதையின் நிறத்தை. அதையும் முட்டையிடும் பருவத்துக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனெனில் அந்தப் பருவத்தில் நிறமி சதையை விட்டுத் தோலுக்கும் முட்டைக்கும் நகர்ந்துவிடுகிறது.