கடையில் பறக்கிறது, வெல்லாவெளியில் நிற்கிறது: இணையக் கடையின் வேகத்தில் நாம் விடும் பிழைகள்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் கைத்தறிச் சாறியும் சாரமும் விற்கும் ஒரு கடை. இணையத்திலும் கடை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலாளி காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க வெச்சுப் பார்த்தா டக்கெண்டு வருது. சனம் ஏன் திறபடுதில்ல எண்டு சொல்லுது?" என்று கேட்டார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், கடையின் பைபர் வைஃபையில் பக்கம் உடனே வந்தது. பிறகு வேலைக்கு நிற்கும் பையனின் போனை வாங்கினோம். அதில் அந்தத் தளத்தை ஒருநாளும் திறந்ததில்லை. வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் போட்டோம். வெள்ளைத் திரை. மூவரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் சாறியின் படம் முழுதாகத் தெரிய 40 செக்கனுக்கு மேல் ஆனது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் பார்த்த இணையக் கடைகளில் மற்ற எல்லாப் பிழைக்கும் தாய்ப் பிழை இதுதான். கடைக்காரர் தன் தளத்தைத் தன் போனில், தன் வைஃபையில் பார்க்கிறார். நேற்றும் முந்தநாளும் திறந்த பக்கம் என்பதால் படங்களும் எழுத்துருவும் அந்தப் போனுக்குள் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கின்றன. முதன்முறை வருகிறவருக்கு அப்படியல்ல. அவர் வெல்லாவெளியில் பஸ்ஸுக்கு நிற்பார், அல்லது பொத்துவிலில் ஒரு பழைய 2 ஜிபி போனை வைத்திருப்பார். உங்கள் தளம் எவ்வளவு வேகம் என்பதை அவருடைய போன்தான் சொல்ல வேண்டும்.

அளக்கக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். முகவரியைப் போட்டால் மொபைல் பக்கத்தில் சுமாரான ஒரு போனையும் மெதுவான 4ஜி இணைப்பையும் பாவனை செய்து அளந்து காட்டும். மேலே தெரியும் பெரிய வட்டத்துப் புள்ளியிலேயே கண்ணை வைக்காதீர்கள். நூறு எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது தேவையில்லை. பார்க்க வேண்டியவை மூன்று. திரையின் பெரிய பகுதி, அதாவது பெரும்பாலும் முதல் படம், 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி செக்கனுக்குள் பக்கம் அசைந்து பதில் காட்ட வேண்டும். இந்த அளவு 2024 மார்ச்சில்தான் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. மூன்றாவது, திறபடும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறித் துள்ளக் கூடாது. அதற்கான எண் 0.1ஐத் தாண்டக் கூடாது.

சரி, அந்த 40 செக்கன் எங்கே போனது?

பெரும்பகுதி படத்தில் போனது. போன் கமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 4 எம்பி. அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஒரு பக்கத்தில் 24 சாறி. 24 ஐ நாலால் பெருக்கினால் 96 எம்பி. செக்கனுக்கு 1.6 மெகாபிட் வரும் மெதுவான இணைப்பில் அதை முழுதாக இறக்க 8 நிமிடம் வேண்டும். வாடிக்கையாளரின் டேட்டா கார்டிலும் அவ்வளவும் கழியும். காசு கொடுத்து வாங்க வந்தவரின் காசை, அவர் எதையும் வாங்கும் முன்பே நாம் எடுத்துவிடுகிறோம். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது.

ஒரு சாதாரண போனின் திரைக்கு 1000 முதல் 1200 பிக்சல் அகலப் படம் போதும். வரிசையில் தெரியும் சின்னப் படத்துக்கு 400 அல்லது 500 பிக்சல் தாராளம். வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் அதே தரத்து ஜேபெக்கை விடக் கால்வாசிக்கு மேல் குறையும். கூகுள் 2010 இல் கொண்டுவந்த வடிவம், இன்று பாவனையில் உள்ள உலாவிகள் ஏறக்குறைய எல்லாமே திறக்கும். அந்தக் கடையில் சின்னப் படம் ஒவ்வொன்றையும் 60 கேபி அளவுக்குக் கொண்டுவந்தோம். 24 படமும் சேர்ந்து ஒன்றரை எம்பிக்குள் அடங்கியது.

ஆனால் இதில் எதிர்ப்பக்கப் பிழையும் ஒன்று உண்டு, அதைக் கைத்தறிக் கடையில்தான் கற்றுக்கொண்டேன். வேகம் வேகம் என்று படத்தை ஒரேயடியாக நசுக்கினால் துணி செத்துப்போகும். மருதமுனைச் சாரத்தில் பொடிக்கட்டம் இருக்கும். அதைக் கண்டபடி சுருக்கினால் இல்லாத அலைக்கோடுகள் துணி மேல் ஓடும். கரையின் நூல் வேலை களிம்பு பூசியது போலத் தெரியும். சாறி வாங்குகிறவர் கரையையும் முந்தானையையும்தான் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். அது மங்கலென்றால் பக்கம் எவ்வளவு வேகமாக வந்தும் பயனில்லை. நாங்கள் செய்தது இது: சுருக்கும்போது தரத்தை நூற்றுக்கு 75க்கும் 80க்கும் இடையில் வைத்தோம், ஒவ்வொரு கட்டச் சாரத்தையும் கண்ணால் பார்த்தே அனுமதித்தோம். ஒவ்வொரு துணிக்கும் கரையை மட்டும் கிட்டத்தில் எடுத்த ஒரு தனிப் படம் சேர்த்தோம். பெரிய அளவுப் படம் வாடிக்கையாளர் தொட்டால் மட்டும் இறங்கும்.

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2015 இன் கடைசியில் வந்த பதிப்பிலிருந்து போனுக்கு ஏற்ற அளவைத் தானாகத் தெரிந்து கொடுக்கும். அதை நம்பி இருந்துவிடுகிறோம். ஆனால் பக்கத்தை வடிவமைக்கும் பேஜ் பில்டர் கருவியில் பின்னணிப் படமாகப் போட்ட பெனருக்கு அந்த வசதி பொதுவாக வேலை செய்யாது. 4 எம்பி அப்படியே போகும். முகப்புப் பெனரைத் தனியாகச் சோதியுங்கள்.

பெனர் என்றதும் நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு பழக்கம் ஞாபகம் வருகிறது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலையும் விலைக்கழிவு அறிவித்தலையும் படமாக எடுத்து அப்படியே தளத்தில் ஒட்டுவது. பாமினியில் அடித்ததை எழுத்தாகப் போட்டால் மற்றவர் திரையில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வரும், அதனால் படமாகப் போடுகிறார்கள். அதுவும் பிஎன்ஜி படம், ஒன்றே 2 எம்பி. அதை எல்லாப் போனும் வாசிக்கும் யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரண எழுத்தாகப் போட்டால் சில கேபியில் முடியும், கூகுளில் தேடினாலும் அகப்படும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தினால் சரி. யூனிகோடில் தமிழ் அதிக இடம் பிடிக்கும் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. பிடிக்கும்தான்: 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட். சேர்வரில், அதாவது தளம் இருக்கும் கணினியில், ஜிஸிப் அல்லது புரொட்லி சுருக்கத்தைப் போட்டுவிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு முழுப் பக்கத் தமிழ் எழுத்து ஒரு சின்னப் படத்தின் அளவுக்கும் வராது.

பாதைப் பயணம்

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில், அதாவது ஆளேற்றும் மிதவையில், போனவர்களுக்கு நேரம் போகும் அடுத்த இடம் சட்டென்று விளங்கும். பாதையில் நாலு பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் ஆற்றைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தைத் தின்பது எத்தனை தரம் போய் வருகிறோம் என்பது.

இணையமும் அப்படித்தான். உங்கள் போன் ஒரு சேர்வரிடம் எதையும் கேட்கும் முன் ஒருமுறை போய் வந்து கைகுலுக்க வேண்டும். இன்னொருமுறை போய் வந்து, நடுவில் யாரும் வாசிக்காதபடி பூட்டுச் சாவி மாற்ற வேண்டும். மூன்றாவது பயணத்தில்தான் பக்கத்தைக் கேட்கலாம். சேர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் தூரம் 14,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் போய்வர 140 மில்லி செக்கன் ஆகும். கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் 250 என்று வையுங்கள். மூன்று பயணத்துக்கு முக்கால் செக்கன். இன்னும் ஒரு படம்கூட இறங்கத் தொடங்கவில்லை.

ஆகவே மலிவு என்பதற்காக சேர்வர் எங்கே இருக்கிறது என்று கேளாமலே ஹொஸ்டிங், அதாவது தளத்தை வைக்கும் இடம், வாங்குவது பெரிய பிழை. வாடிக்கையாளர் இலங்கையில் என்றால் சிங்கப்பூரோ இந்தியாவோ கேளுங்கள். சேர்வரை மாற்ற முடியாவிட்டால் சிடிஎன் ஒன்றைப் போடுங்கள். படங்களின் பிரதி கிட்டத்தில் உள்ள நிலையத்திலிருந்து வரும். சிடிஎன் தரும் கிளவுட்ஃப்ளேருக்குக் கொழும்பிலேயே நிலையம் இருக்கிறது, அதன் அடிப்படைத் திட்டம் இலவசம்.

அடுத்தது, தேவையில்லாத பாதைகளை நாமே விடுவது. அந்தச் சாறிக் கடையில் அரட்டைப் பெட்டி, இரண்டு விளம்பரக் கண்காணிப்பு நிரல், இன்ஸ்டகிராம் வரிசை, யூடியூப் காணொளி, "கழிவு முடிய இன்னும் 2 மணித்தியாலம்" என்ற கடிகாரம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு சேர்வர். ஒவ்வொன்றுக்கும் கைகுலுக்கல் முதலிலிருந்து. வந்து சேர்ந்தாலும் முடிவதில்லை. அந்த நிரல்களைப் பழைய போன் ஒவ்வொன்றாக ஓட்டி முடிக்கும் வரை விரலால் தொட்டதற்கு அசைவு இருக்காது. அரட்டைப் பெட்டியில் ஒரு வருடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை, எல்லோரும் வட்ஸ்அப்பில்தான். பெட்டியைக் கழற்றிவிட்டு வட்ஸ்அப் இணைப்பைச் சாதாரண பட்டனாகப் போட்டோம். காணொளிக்கு ஒரு படம் மட்டும். தொட்டால்தான் யூடியூப் வரும். கடிகாரம் போனதற்கு ஒருவரும் கவலைப்படவில்லை.

கேஷ் போடும்போது கவனம்

இது என்னுடைய பிழை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு கடைக்கு வூகொமர்ஸில் (வேர்ட்பிரஸைக் கடையாக்கும் ப்ளகின், அதாவது துணை நிரல்) தளம் செய்து, வேகத்துக்காக எல்லாப் பக்கத்தையும் கேஷ் செய்தேன். கேஷ் என்பது ஒருமுறை சமைத்த பக்கத்தை எடுத்து வைத்து வருகிற எல்லோருக்கும் அதையே பரிமாறுவது. பொருள் பக்கத்துக்கு அது அருமையான ஏற்பாடு. அடுத்த நாள் காலை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி அழைத்தார்: "அண்ணா, நான் ஒண்டும் போடல்ல, ஆனா கூடையில மூணு சாமான் இருக்கு, வேற ஒராளிட பேரும் விலாசமும் காட்டுது." உடம்பு குளிர்ந்துவிட்டது. முதல் ஆளுக்குச் சமைத்த கட்டணப் பக்கம், பெயரும் விலாசமும் போன் இலக்கமுமாக, அடுத்தவர்களுக்கும் போயிருக்கிறது. உடனே கேஷை நிறுத்தி, அந்த வாடிக்கையாளரை அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

கூடை, கட்டணம், என் கணக்கு ஆகிய மூன்று பக்கத்தையும் கேஷிலிருந்து விலக்க வேண்டும். நல்ல ப்ளகின்கள் வூகொமர்ஸைக் கண்டால் தானாக விலக்கும், ஆனால் அந்தப் பக்கங்களின் முகவரியைத் தமிழில் மாற்றியிருந்தாலோ சேர்வர் மட்டத்தில் இன்னொரு கேஷ் ஓடினாலோ தவறிவிடலாம். போட்ட கையோடு இரண்டு போனில், இரண்டு பெயரில் பொருள் போட்டுப் பாருங்கள். இரண்டு கேஷ் ப்ளகினை ஒன்றாக ஓட்டுவதும் வேண்டாம். ஒன்றையொன்று குழப்பும், எது பழைய விலையைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

இனிச் சின்னவை. முகப்பில் ஐந்து படம் சுழலும் ஸ்லைடர் வேண்டாம். ஒரு நல்ல படம் போதும். கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது இறக்கும் லேசி லோடிங் நல்லது, ஆனால் அதை முதற்படத்துக்கும் போட்டுவிட்டால் முன்னால் வர வேண்டியது கடைசியில் வரும். 2023 இல் வந்த வேர்ட்பிரஸ் 6.3 இலிருந்து முதற்படத்துக்கு அது தானாகவே முன்னுரிமை கொடுக்க முயலும். சில ப்ளகின்கள் அதைக் கெடுக்கின்றன. தமிழுக்கு ஒரு எழுத்துரு, இரண்டு தடிப்பு, அவ்வளவுதான். அன்ட்ரொய்ட் போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் ஒன்றும் போடாவிட்டாலும் வாசிக்கலாம். படங்களுக்கு நீள அகலம் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் துள்ளும். "கூடையில் போடு" என்பதைத் தொடப் போனவரின் விரல் வேறெதிலோ படும்.

நேரம் தெரிவதிலும் பிழை விடுகிறோம். நோன்புப் பெருநாளுக்கோ சித்திரை வருடப் பிறப்புக்கோ ஒரு கிழமை இருக்கும்போதுதான் தளம் மெதுவாகிறது என்று அழைப்பு வரும். அந்நேரம் கையை வைத்தால் எது உடையும் என்று சொல்ல முடியாது. மலிவான ஹொஸ்டிங்கில் ஒரே சேர்வரைப் பல தளங்கள் பங்கு போடுவதால் எல்லோருக்கும் கூட்டம் வரும் நாளில் எல்லோரும் ஒன்றாகத் திணறுவார்கள். கூகுள் காட்டும் உண்மைப் பாவனையாளர் அளவும் கடந்த 28 நாட்களின் கணக்கு. இன்று திருத்தியது முழுதாகத் தெரிய ஒரு மாதம் வேண்டும். ஆகவே பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்னே தொடங்குங்கள்.

மருதமுனைக் கடையில் இப்போது முதற்படம் டேட்டாவில் மூன்று செக்கனுக்குள் வருகிறது. இன்னும் கொஞ்சம் குறைக்க இடம் இருக்கிறது. காக்கா பழைய போன் ஒன்றை வாங்கி, முற்கொடுப்பனவு சிம் போட்டுப் பில் போடும் மேசையில் வைத்திருக்கிறார். புதுச் சாறி ஏற்றிய ஒவ்வொரு முறையும் அதில் உலாவியின் சேமிப்பை அழித்துவிட்டுத் திறந்து பார்க்கிறார்கள். அந்தப் போனுக்கு மட்டும் கடையின் வைஃபை கடவுச்சொல் கொடுப்பதில்லை.